பாதைக்காரர் கேட்காத கேள்வி

மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் நடந்து போகிற வழி மட்டுமல்ல. வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆளையும் ஆட்டையும் நெல்மூட்டையையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவி எங்கள் மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறது. சூரியன் எழுகிற பக்கம் கடல், படுகிற பக்கம் வயல். ஜப்பான் உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை, அந்த வழியால் கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவருக்குப் பாதைதான் பாதை.

பாதையில் ஆட்கள் மட்டுமா போனார்கள்? “இதச் சந்திக் கடையில குடுத்திடுங்க, மறுகா அவங்க சேத்திருவாங்க” என்று முன்பின் தெரியாதவர் கையில் கடிதத்தைத் திணித்துவிட்டுத் திரும்பிப் போகலாம். யார் எழுதியது, யாருக்கு, உள்ளே என்ன என்று எவரும் கேட்டதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவு. மறு கரையில் கடிதம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

மின்னஞ்சலும் இதே பழக்கத்தில்தான் வளர்ந்தது. யாருடைய மடலையும் வாங்கி, யாருக்கும் கடத்திவிடுகிற சர்வரைக் கொம்பியூட்டர்காரர்கள் ‘திறந்த ரிலே’ என்றார்கள். ஒரு காலத்தில் அது நல்ல குணம், பிறகு குற்றம். அந்தக் குற்றத்தைப் பதிய ஒரு பட்டியல் பிறந்தது. அந்தப் பட்டியல் கலிபோர்னியாவில் தொடங்கி நியூசிலாந்து, டென்மார்க், லண்டன் என்று சுற்றி எங்கள் ஊர் நெட் கஃபே ஒன்றுக்குள்ளும் வந்தது.

அந்தக் கஃபேயில் நானும் இருந்தேன். போர்நிறுத்தக் காலம், 2003. மணிக்கணக்கில் காசு வாங்கும் கடை. ரொறன்ரோவிலிருந்த சின்ன மாமாவுக்கு ஒரு மடல் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அதுவே திரும்பி வந்து நின்றது. மேலே 550 என்று ஒரு எண், கீழே புரியாத ஆங்கிலம். கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கட பிழை இல்ல அண்ணே. நம்மட ஐ.பி. லிஸ்ட்ல விழுந்திட்டு” என்றான். ‘லிஸ்ட்ல விழுந்திட்டு’ என்ற வார்த்தைக்கு அந்த நாளில் எங்கள் ஊரில் வேறு அர்த்தம் இருந்தது. ஒரு கணம் வயிறு கலங்கியது. அப்புறம்தான் இது கொம்பியூட்டர் லிஸ்ட் என்று உறைத்தது.

கதையை 1978இலிருந்து சொல்ல வேண்டும். அப்போது இணையம் இல்லை, அதன் மூதாதையான அர்ப்பாநெட் இருந்தது. அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கொம்பியூட்டர் நிறுவனத்தின் விற்பனைக்காரர் கேரி துயர்க், மே 3ஆம் திகதி சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். புதிய இயந்திரங்களைக் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்ற அழைப்பு. முகவரிகள் அச்சிட்ட விவரக்கொத்திலிருந்து எடுத்தவை. ‘பெறுநர்’ கட்டத்துக்குள் அடங்காமல் அவை மடலின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. பலர் திறந்தபோது செய்தியைவிட முகவரிகளே நீளமாக இருந்தன. திட்டு விழுந்தது. ஆனால் கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான இயந்திரங்கள் அதனால் விலைபோயின என்று துயர்க் பின்னாளில் சொல்லித் திரிந்தார். குப்பை மடலின் மொத்த வரலாறும் அந்த ஒரு நாளிலேயே அடங்கியிருக்கிறது: அனுப்பியவருக்கு லாபம், பெற்றவர் எல்லாருக்கும் எரிச்சல்.

அதற்கு ‘ஸ்பாம்’ என்று பெயர் வந்தது தகரத்தில் அடைத்த பன்றி இறைச்சியால். ஹோர்மல் நிறுவனம் 1937இல் சந்தைக்கு விட்ட அந்தத் தகரம் இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுச் சிப்பாய்களின் தட்டில் அலுக்க அலுக்க விழுந்தது. 1970இல் மொன்டி பைத்தன் குழு தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டது. ஒரு சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் கூடவே ஸ்பாம் வரும், பேச்சே கேளாதபடி அந்தச் சொல்லையே பாடுவார்கள். வேண்டாம் என்றாலும் வந்து விழுவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

மின்னஞ்சலைக் கடத்தும் விதிமுறையை ஜொன் பொஸ்டல் 1982இல் எழுதி வைத்தார். எஸ்.எம்.ரி.பி. என்ற அந்த முறை இன்றும் ஓடுகிறது. அது ஒரு சிறிய உரையாடல். ஒரு இயந்திரம் மற்றதுக்கு வணக்கம் சொல்லும், இன்னாரிடமிருந்து என்னும், இன்னாருக்கு என்னும், மடலைக் கொடுக்கும். ‘நீ உண்மையில் அவர்தானா?’ என்ற கேள்வி அதில் கிடையாது. ‘உனக்காக நான் ஏன் கடத்த வேண்டும்?’ என்பதும் கிடையாது. அந்தக் காலத்தில் இயந்திரங்கள் எப்போதும் இணைந்திருக்கவில்லை. பல பல்கலைக்கழகங்கள் கட்டணம் மலிவான இரவு நேரத்தில் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்து, அன்றைய மடல்களைக் கைமாற்றின. ஒருவர் சுமையை மற்றவர் சுமந்தால்தான் எல்லாருக்கும் மடல் போகும். கதவைத் திறந்து வைப்பது அங்கே அயலுக்குச் செய்யும் கடமை.

இலங்கைக்கு மின்னஞ்சல் வந்ததும் இந்த வழியால்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ 1990இல் தொடங்கிய லேர்ன்மெயில் சேவை, மடல்களைச் சேர்த்து வைத்துத் தொலைபேசி வழியே அனுப்புகிற பாதைதான். ஐந்து ஆண்டு கழித்து 1995இல்தான் வணிக இணையச் சேவை வந்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் அப்போது இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் வாவிக்கு இந்தப் பக்கம் மின்சாரமே நிச்சயமில்லை, மின்னஞ்சலை யார் நினைத்தார்?

1994இல் அரிசோனாவின் இரண்டு வழக்கறிஞர்கள், கணவனும் மனைவியுமான கன்ரரும் சீகலும், யூஸ்நெட் என்ற இணையக் கலந்துரையாடல் களத்தின் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். என்ன விளம்பரம் தெரியுமா? கிரீன் கார்ட் லொத்தர். ஒரு காலத்தில் ஒவ்வொரு வருசமும் எங்கள் ஊரில் பாதிப்பேர் படத்தை வெட்டி ஒட்டி நிரப்பிய அதே லொத்தர். அன்று இலவசமாகப் போடக்கூடியதாக இருந்த விண்ணப்பத்தைக் காசுக்குப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். வந்த வசவுகளைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. இப்படி விளம்பரம் செய்வது எப்படி என்று புத்தகமே எழுதினார்கள். பிரதி எடுப்பவர்கள் மளமளவென்று கிளம்பினார்கள்.

இவர்களுக்குத் திறந்த ரிலே வரப்பிரசாதம். சாதாரண மோடத்தில் பத்தாயிரம் மடல் அனுப்ப இரவு முழுக்க ஆகும். அதற்குப் பதில், ஒரே ஒரு பிரதியையும் நூற்றுக்கணக்கான முகவரிகளையும் ஏமாந்த சர்வர் ஒன்றிடம் கொடுத்தால் போதும். அதுவே பிரதி எடுத்து, அதுவே அனுப்பி, வசவையும் அதுவே வாங்கிக் கொள்ளும். விடிந்து அலுவலகத்துக்கு வரும் நிர்வாகி பார்த்தால், தன் இணைப்பு நிரம்பி வழிகிறது, தன் பெயரில் உலகமே கோபமாக இருக்கிறது. கடிதம் ஒன்று என்று கொடுத்துப் பாதைக்காரர் தலையில் ஆயிரம் மூட்டை ஏற்றியது போல.

போல் விக்ஸி என்பவர் இதற்கு மருந்து கண்டார். இணையத்தின் பெயர்க்கொத்தான டி.என்.எஸ்.ஸை இயக்கும் பைண்ட் மென்பொருளைப் பராமரித்தவர். அவரும் டேவ் ராண்டும் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்புக்கு மேப்ஸ் என்று பெயர். ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்தால் ஸ்பாம். குப்பை மடலுக்கு இடம் கொடுக்கும் இயந்திரங்களின் எண்களை அவர்கள் 1997 வாக்கில் ஒரு கறுப்புப் பட்டியலில் வெளியிடத் தொடங்கினார்கள். முதலில் வழிகாட்டிக் கருவிகள் வழியாக அந்த எண்களிலிருந்து வரும் எல்லாப் போக்குவரத்தையும் விழுங்கச் செய்தார்கள். பிறகு ஒரு கெட்டிக்கார யோசனை வந்தது: பட்டியலை டி.என்.எஸ்.ஸுக்குள்ளேயே வைத்துவிடலாமே. மடல் வந்து கதவைத் தட்டினால், அனுப்பும் இயந்திரத்தின் ஐ.பி. எண்ணைத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரோடு ஒட்டி, ‘இப்படி ஒருவர் உண்டா?’ என்று பெயர்க்கொத்தைக் கேட்க வேண்டும். 127.0.0.2 என்று பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார். மடலைத் திருப்பி விடு. பதிலே இல்லையென்றால் உள்ளே விடு. நொடிக்குள் முடிகிற விசாரணை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேப்ஸ் யாருடைய மடலையும் தடுக்கவில்லை. ஒரு கருத்தைச் சொன்னது, அவ்வளவுதான். அதைக் கேட்டு நடக்கிற ஆயிரக்கணக்கான நிர்வாகிகள்தான் தடுத்தார்கள். நம் ஊர்களில் இது புதிதா? கோயில் வண்ணக்கர்மாரும் ஊர்ப் பெரியவர்களும் கூடி ஒருவரை ஊரைவிட்டு விலக்கினால், காவலுக்கு ஆள் போடுவதில்லை. கட்டாடியார் துணி எடுக்க மாட்டார், அயலார் கலியாணத்துக்குச் சொல்ல மாட்டார்கள். அவ்வளவிலேயே ஆள் ஒடுங்கிப்போவார். அயர்லாந்தில் 1880இல் ஊர் கூடி கப்டன் பொய்கொட் என்ற காணி முகவரை இப்படித்தான் ஒதுக்கியது. அவர் பெயரே ‘பொய்கொட்’ என்ற வினைச்சொல்லாயிற்று. விலக்குகிறவர் கையில் ஆயுதமில்லை. கேட்டு நடக்கிறவர்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

1998 பரபரப்பான ஆண்டு. உலகின் பெரும்பகுதி மடலைச் சுமந்த சென்ட்மெயில் மென்பொருளின் 8.9 பதிப்பு, ரிலேக் கதவை இயல்பாகவே மூடி வைத்து வந்தது. லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பாம்ஹவுஸைத் தொடங்கினார். அந்தக் காலத்தில்தான், தங்களை இணையக் கரும்புலிகள் என்று சொல்லிக்கொண்ட ஒரு குழு வெளிநாடுகளிலிருந்த இலங்கைத் தூதரகங்களை மடல்களால் நிரப்பியது. நாளொன்றுக்குச் சுமார் 800, ஏறக்குறைய இரண்டு வாரம். ஒரு நாட்டின் கணினிகள்மேல் ஆயுதக் குழு ஒன்று நடத்திய முதல் தாக்குதல் என்று அமெரிக்க அதிகாரிகள் சிலர் அதைக் குறித்து வைத்தார்கள். இன்று 800 மடல் ஒரு மத்திய தர அலுவலகத்தின் காலைப்பொழுதுக்குக் காணாது. அன்று அது தூதரகத்தையே திணறடித்தது. குப்பை மடல் வியாபாரியும் போராளிக் குழுவும் ஒரே ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார்கள்: அனுப்புவது இலவசம், வாங்குவதுதான் செலவு.

சண்டை மூண்டது பட்டியல்காரர்களுக்குள்ளேயே. கனடாவில் பிறந்து நியூசிலாந்துக்கு இடம் மாறிய ஓர்ப்ஸ் என்ற பட்டியலை அலன் பிரவுன் நடத்தினார். மேப்ஸ் புகார் வந்து, ஆதாரம் கண்டு, அறிவித்துவிட்டுத்தான் சேர்க்கும். ஓர்ப்ஸுக்கு அந்தப் பொறுமையில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தது. தன் மடலைத் தானே அந்த சர்வர் வழியாக அனுப்பிப் பார்க்கும். திரும்பி வந்தால் கதவு திறந்திருக்கிறது, பெயர் பட்டியலில். ‘என் வீட்டுக் கைப்பிடியைத் திருக உனக்கு யார் உரிமை தந்தது?’ என்று கொதித்தவர்கள் ஓர்ப்ஸின் சோதனையையே தடுத்தார்கள். தடுத்தவர்களையும் ஓர்ப்ஸ் பட்டியலில் போட்டது! விக்ஸியோடு தொடர்புடைய ஏபவ்நெட் நிறுவனம் ஓர்ப்ஸை வலையமைப்பிலிருந்தே வெட்டியது. குப்பை மடலுக்கு எதிரானவர்கள் ஒருவரையொருவர் கறுப்பாக்கிக் கொண்டிருக்க, குப்பை மடல் வியாபாரிகள் நிம்மதியாக அனுப்பிக் கொண்டிருந்தார்கள். கடைசியில் நியூசிலாந்து நிறுவனங்கள் இரண்டு வழக்குப் போட, 2001 நடுப்பகுதியில் ஓர்ப்ஸ் கடையைச் சாத்தியது.

இந்தச் சண்டையின் மறு பக்கத்தில் ஒரு சுவாரசியமான மனிதர் நின்றார். ஜோன் கில்மோர், இணைய உரிமைகளுக்கான எலெக்ட்ரொனிக் ஃபிரொன்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களில் ஒருவர். அவருடைய ‘ரோட்’ சர்வர் வேண்டுமென்றே திறந்திருந்தது. பயணத்தில் இருக்கும் நண்பர்கள் எங்கிருந்தும் மடல் அனுப்பட்டும் என்றார். மொத்தமாக அனுப்புகிறவனுக்குப் பயன்படாதபடி வேகத்தை மட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன், என் வழியாகப் போனது எத்தனை குப்பை மடல், காட்டுங்கள் என்றார். அவருக்கு இணைப்பு வழங்கிய வெரியோ நிறுவனம் கேட்கவில்லை. திறந்த ரிலே எங்கள் விதிக்கு மாறு என்று 2001இல் அவருடைய மடல் வாசலை அடைத்தது. செய்த தவறுக்கு அல்ல, செய்யக்கூடிய தவறுக்குத் தண்டனை என்பது கில்மோரின் வாதம். கொட்டுகிற குப்பையைச் சுமப்பது நாங்கள், எங்கள் வாசலில் யாரை விடுவது என்பது எங்கள் உரிமை என்பது மற்றவர் வாதம். என்னைக் கேட்டால் இரண்டும் சரி என்பேன்; அதுதான் சிக்கலே.

அயலவர் சங்கதி அதைவிடச் சிக்கல். மசாசூசெட்ஸில் மீடியா3 என்ற நிறுவனம் குப்பை மடல் கருவி விற்கும் தளங்கள் சிலவற்றுக்கு இடம் கொடுத்தது. மேப்ஸ் அந்த எண் வரிசையையே பட்டியலிட்டது. அதே வரிசையில் குடியிருந்த பீஸ்ஃபயர் என்ற, இணையத் தணிக்கையை எதிர்க்கும் தளமும் சேர்ந்து இருண்டது. தணிக்கையை எதிர்த்தவருக்கே இந்தக் கதி! மீடியா3 நீதிமன்றம் போனது. 2001 ஜனவரியில் நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார்.

இங்கிருந்து பட்டியல் கிழக்கே திரும்பியது. மேற்கில் சர்வர்கள் ஒவ்வொன்றாகக் கதவடைக்க, குப்பை மடல்காரர்கள் கதவடைக்கத் தெரியாத இடங்களைத் தேடினார்கள். கொரியாவில் பாடசாலைகளுக்கெல்லாம் வேகமான இணைப்பு கொடுத்திருந்தார்கள், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவை உலகத்துக்கே பாதையாயின. எச்சரிக்கை மடல் ஆங்கிலத்தில் வரும், வாசிக்க ஆளிருக்காது. பொறுமையிழந்த நிர்வாகிகள் கொரியா, சீனா என்று நாடு வாரியாகப் பட்டியல் செய்து மொத்தமாகத் தடுத்தார்கள். எங்கள் கடைப் பையன் சொன்ன ‘நம்மட ஐ.பி.’யின் கதையும் ஏறக்குறைய இதுதான். கஃபேயில் அன்றிருந்த எவரும் குப்பை மடல் அனுப்பவில்லை. ஆனால் ஒரே எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ பேர். யாரோ ஒருவருடைய பாவத்துக்கு எல்லாரும் விலக்கு. அந்த ஆண்டுகளில் மண்முனைத் துறையும் அப்படித்தான் ஆகியிருந்தது. இந்தக் கரையில் இராணுவம், அந்தக் கரையில் இயக்கம். கேள்வி கேட்காத பாதையில் இரண்டு முனையிலும் கேள்வி.

பட்டியல்கள் பெருகின. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சோர்ப்ஸ், குப்பை அனுப்பிய எண்ணை விடுவிக்க 50 டொலர் தர்மத்துக்குக் கட்டு என்றது. ஊர்விலக்கு நீங்கத் தெண்டம் கட்டுவது போல. 2003 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஓசிருசொஃப்ட் பட்டியலைத் தாக்குதல்கள் சூழ்ந்தன. அலுத்துப்போன நடத்துநர் உலகத்தின் எல்லா எண்களையும் பட்டியலில் போட்டுவிட்டு எழுந்து போனார். ஸ்பாம்ஹவுஸ் மேல் இ360 என்ற அமெரிக்க நிறுவனம் வழக்குப் போட்டது. 2006இல் 1 கோடியே 17 லட்சம் டொலர் நட்டஈடு என்று தீர்ப்பாயிற்று. மேன்முறையீட்டுக்குப் பிறகு அது 27,002 டொலராகி, 2011இல் 3 டொலரில் வந்து நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது டென்மார்க்கின் ஓ.ஆர்.டி.பி. திறந்த ரிலேக்களுக்கென்றே 2001இல் தொடங்கிய பட்டியல். 2006 டிசம்பரில், இந்த வேலைக்கு இனி அவசியமில்லை என்று நன்றி சொல்லி மூடினார்கள். உண்மைதான், குப்பை மடல்காரர்கள் அதற்குள் திறந்த ரிலேக்களை விட்டுவிட்டு, வைரஸ் புகுந்த வீட்டுக் கொம்பியூட்டர்களுக்கு மாறியிருந்தார்கள். ஆனால் மூடிய பிறகும் உலகெங்கும் சர்வர்கள் ஒவ்வொரு மடலுக்கும் ஓ.ஆர்.டி.பி.யைக் கேட்டுக்கொண்டே இருந்தன. அமைத்துவிட்டு மறந்த நிர்வாகிகள். பதினைந்து மாதம் பொறுத்துப் பார்த்து, 2008 மார்ச்சில் ஒரு நாள் அந்தச் செத்த பட்டியல் கேட்டவருக்கெல்லாம் ‘ஆம், இவர் பட்டியலில் இருக்கிறார்’ என்று பதில் சொல்லத் தொடங்கியது. கேட்டுக்கொண்டிருந்த அலுவலகங்களில் வெளியிலிருந்து ஒரு மடலும் வரவில்லை. அன்றைக்குத்தான் பலருக்குத் தாங்கள் யாருடைய சொல்லைக் கேட்டு நடந்தோம் என்பதே தெரிந்தது.

இப்போது அநேகமாக யாரும் வேண்டுமென்று ரிலேயைத் திறந்து வைப்பதில்லை. வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கும் எண்களில் பெரும்பகுதி பிறக்கும்போதே ‘நேரடியாக மடல் அனுப்பக் கூடாதவை’ என்ற பட்டியலில் பிறக்கின்றன. ஸ்பாம்ஹவுஸ் 2007இல் இதற்கென்றே தனிப் பட்டியல் வைத்தது. ஆரையம்பதியிலோ ஏறாவூரிலோ ஒரு பொடியன் தன் வீட்டில் சொந்த மடல் சர்வர் போட்டால், ஜிமெயில்காரர் திரும்பியும் பார்க்க மாட்டார். கில்மோர் பயந்தது வேறு விதமாக நடந்தது என்று தோன்றும். கதவைத் தட்டிப் பார்க்கும் ஓர்ப்ஸும் இல்லை, ரோட் போலக் கதவைத் திறந்து வைக்கும் சர்வரைக் காண்பதும் அரிது. நாலைந்து பெரிய துறைமுகங்கள் இருக்கின்றன. எல்லாரும் அங்கே போய்த்தான் ஏற வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. வதந்தி பரவாதிருக்க வேண்டும் என்று அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நாடு முழுக்க நிறுத்தியது, ஒன்பது நாள். பொய்யை அனுப்புகிறவன் எவனென்று தெரியாதபோது பாதையையே நிறுத்திவிடுகிற பழைய வைத்தியம். வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒருவரையொருவர் தேடித் தவித்தார்கள். பொடியன்கள் வி.பி.என். போட்டு மறு வழியால் புகுந்தார்கள்; வயதானவர்களுக்கு அது தெரியவில்லை.

மின்னஞ்சலை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சின்ன மாமா ரொறன்ரோவிலிருந்து ஒரு மடல் போட்டிருந்தார், எத்தனையோ வருசத்துக்குப் பிறகு. எல்லாரும் சுகமா, ஒரு வரி எழுது என்று. உடனே எழுதினேன்: எல்லாரும் சுகம், ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுக்கச் சனம் வரிசையில் நிற்கிறது. இந்த முறை 550 வரவில்லை, மடல் போய்விட்டது. மாமா அதை மூன்றாம் நாள்தான் கண்டார், ஸ்பாம் பெட்டிக்குள்.